சல்காட்டா ஆமைக்குஞ்சுக்கு ஈரமும் வேண்டும், சூடும் வேண்டும்: வீட்டுக்குள் பெட்டி அமைக்கும் முறை

சல்காட்டா ஆமையின் ஊர் சஹாராவின் தெற்கு ஓரம். செனகல், மாலி, சாட், சூடான், எத்தியோப்பியா என்று ஆப்பிரிக்காவின் குறுக்கே நீளும் சாஹேல் வறள்நிலம். இதைக் கேட்டதுமே நம் ஆட்கள் ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கி, அடியில் மணலைக் கொட்டி, மேலே ஒரு சூடான பல்பை மாட்டிவிடுகிறார்கள். பாலைவனப் பிராணிக்குப் பாலைவனம் என்கிற கணக்கு. ஐந்து செ.மீ. நீளமும் முப்பது நாற்பது கிராம் எடையும் உள்ள ஒரு குஞ்சு அந்தத் தொட்டியில் வாரக்கணக்கில் உலர்ந்து, சிறுநீரகம் கெட்டு, தின்பதை நிறுத்திவிடுகிறது. தப்பிப் பிழைத்தால் முதுகோட்டின் ஒவ்வொரு சில்லும் கூம்பு கூம்பாக மேலெழுந்து நிற்கிறது. இதைத்தான் வளர்ப்பவர்கள் பிரமிடிங் என்கிறார்கள். ஒருமுறை எழுந்த கூம்பு பிறகு அமுங்காது.

அந்த நிலத்தின் வெப்பத்தை நாம் பார்க்கிறோம், அங்கே குஞ்சு எங்கே கிடக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. முட்டை பொரிவது மழைக்காலத்தை ஒட்டி. குஞ்சு வெளியே வரும்போது புல் தழைத்திருக்கும், மண் ஈரமாக இருக்கும், காற்றில் புழுக்கம் இருக்கும். பெரிய ஆமைகூட வறண்ட மாதங்களை வெயிலில் கழிப்பதில்லை. பல அடி நீளத்துக்கு வளை தோண்டி, மண்ணின் ஈரத்துக்குள் போய்விடுகிறது.

வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வீஸ்னரும் ஈபனும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. புதிதாகப் பொரிந்த 50 சல்காட்டா குஞ்சுகளை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஐந்து மாதம் வளர்த்தார்கள். காற்றின் ஈரப்பதத்தையும் தீனியில் புரதத்தின் அளவையும் மட்டும் மாற்றினார்கள். 45 முதல் 99 சதவீதம் ஈரப்பதத்தில் வளர்ந்தவற்றைவிட, உலர்ந்த காற்றில் வளர்ந்தவற்றின் கூம்புகள் உயரமாக இருந்தன. அதுவரை எல்லோரும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த புரதத்துக்குச் சிறிய பங்குதான் இருந்தது. ஆக, பெட்டியை அமைக்கும்போது எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது சூட்டோடு ஈரத்தையும் உள்ளே நிறுத்துமா, வெளியே விடுமா?

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது திறந்த தொட்டி. மேல்பக்கம் திறந்திருந்தால் பல்பு சூடாக்கிய காற்று நேரே மேலே போகிறது, போகும்போது ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் காலையில் தெளித்த தண்ணீர் மதியத்துக்குள் அறையின் காற்றில் கலந்துவிடும். குளிர்நாட்டில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று இன்னும் உலர்ந்தது. அதனால் நான்கு பக்கமும் மேலும் மூடிய, முன்பக்கம் கதவுள்ள பெட்டிதான் சரி. விளக்கு, ஹீட்டர் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். மேலே வலை போட்டு, அதன்மேல் விளக்கை வைப்பது பாதித் திறப்பு. போதாக்குறைக்கு அந்த வலை, ஆமைக்குத் தேவையான யூவிபி என்கிற புற ஊதாக் கதிரில் மூன்றில் ஒரு பங்கு வரை தின்றுவிடும்.

அளவு: 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். சிறு குஞ்சுக்கு இவ்வளவு பெரிதா என்று தோன்றும். சூடான மூலையும் மிதமான மூலையும் தனித்தனியாக அமைய இந்த நீளம் வேண்டும். குட்டைப் பெட்டியில் ஒரே பல்பு முழு இடத்தையும் அடுப்பாக்கிவிடும், ஒதுங்க இடமே இருக்காது. பிவிசி பலகையில் ஆயத்தமாக வரும் பெட்டிகள் கிடைக்கின்றன, விலை அதிகம். அலமாரி செய்யும் 18 மி.மீ. லேமினேட் பலகையில் நீங்களே அடித்தும் கொள்ளலாம். அப்படிச் செய்தால் வெட்டிய ஓரங்களை விட்டுவிடாதீர்கள். லேமினேட் தண்ணீரைத் தாங்கும், உள்ளே இருக்கும் மரத்தூள் தாங்காது. ஓரம் ஈரம் குடித்து உப்ப ஆரம்பித்தால் மூன்றே மாதத்தில் அடிப்பலகை பிளந்துவிடும். எல்லா மூலையிலும் மீன்தொட்டிக்கான சிலிகானை இழுத்துவிடுங்கள். குளியலறை சிலிகானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது வேண்டாம். புளிக்காடி வாடை முழுதாகப் போகும்வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வாரம், பெட்டியைத் திறந்தே வையுங்கள்.

முன்பக்கம் கீழே 15 செ.மீ. உயரத்துக்குப் பலகை, அதற்குமேல் நகரும் கண்ணாடிக் கதவு. அந்தப் பலகை மண் வெளியே கொட்டாமல் தடுக்கும். அதைவிட முக்கியமாக, ஆமையின் கண்மட்டத்தில் கண்ணாடி வராது. கண்ணாடி என்பது தடை என்று ஆமைக்குப் புரிவதில்லை. நாளெல்லாம் அதில் முட்டிக்கொண்டே ஓரமாக நடந்து களைத்துப்போகும்.

தரைக்கு எதைப் போடுவது என்பதில்தான் பணமும் உயிரும் அதிகம் வீணாகின்றன. மணல் வேண்டாம், குடலில் அடைக்கும். முயல் தீவனக் குச்சிகள் ஈரம் பட்டதும் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். தேவதாரு, பைன் மரச்சீவல்களின் வாசனை எண்ணெய் மூச்சுக்கு ஆகாது. செய்தித்தாள் ஈரத்தைப் பிடிக்காது, நடக்கவும் வழுக்கும். நம்பிப் போடக்கூடியவை இரண்டு: கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள், ஆர்க்கிட் செடிக்குப் போடும் சிறு மரப்பட்டைத் துண்டுகள். உலகமெங்கும் விற்கும் கோகோபீட்டில் பெரும்பகுதி பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் இலங்கையிலிருந்தும் போவதுதான். வாங்கும்போது தோட்டத்துக்கான கழுவிய ரகமா என்று பாருங்கள். கழுவாத நார்த்தூளில் உப்பு நிறைய இருக்கும்.

கணக்கு இப்படி. 120க்கு 60 தரையில் 10 செ.மீ. ஆழம் என்றால் 72 லிட்டர். கீழே 7 செ.மீ. கோகோபீட், ஏறக்குறைய 50 லிட்டர். மேலே 3 செ.மீ. மரப்பட்டை, 22 லிட்டர். ஐந்து கிலோ கோகோபீட் கட்டி ஒன்று 25 லிட்டர் வெந்நீரில் ஊறினால் 70 லிட்டர் வரை பொங்கும், மீதியைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஊறியதைக் கையால் பிழிந்து பெட்டியில் பரப்பி, உள்ளங்கையால் நன்றாக அழுத்திக் கெட்டிப்படுத்துங்கள். தூளாக விட்டால் கண்ணிலும் வாயிலும் ஒட்டும். அதன்மேல் மரப்பட்டை. பதம் பார்ப்பது எளிது. அடித்தட்டை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. மேற்பரப்பு புட்டுக்குப் பிசிறிய மாவுபோல, பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர வேண்டும். இவ்வளவும் சேர்ந்து நாற்பது கிலோ பக்கம் வரும். ஆட்டம் கொடுக்கும் மேசைமீது இந்தப் பெட்டியை ஏற்றாதீர்கள்.

ஈரத்தைக் காப்பது தெளிப்பானால் நடக்கும் வேலை அல்ல. தெளித்தது மேற்பரப்பை நனைத்து அரை மணியில் ஆவியாகிவிடும். வாரம் ஒருமுறை நான்கு மூலையிலும் மொத்தம் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். அது அடியில் பரவி மெல்ல மெல்ல மேலே ஏறும். ஆமை படுக்கும் இடம் கசகசவென்று இருக்காது, காற்று மட்டும் புழுக்கமாக இருக்கும். மூடிய பெட்டியில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் தானாக நிற்கும். காலையில் கண்ணாடியில் நீர்த்துளி படிந்திருந்தால் நல்லதுதான்.

ஈரத்தில் சளி பிடிக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். பிடிக்கும், ஈரத்தோடு குளிர் சேர்ந்தால். ஈரம் மிகுந்த பெட்டியில் இரவு 20 டிகிரிக்கு இறங்கினால் மூக்கில் நீர்க்குமிழி, வாயைத் திறந்து மூச்சு, கழுத்தை நீட்டி இழுப்பது எல்லாம் வரிசையாக வரும். அப்படி வந்தால் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே போக வேண்டும். இரவும் பகலும் பெட்டியில் எந்த மூலையும் 26, 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சல்காட்டா குளிர்உறக்கம் கொள்ளும் இனம் அல்ல. ஹெர்மன் ஆமைக்கும் ரஷ்ய ஆமைக்கும் எழுதிய குறிப்புகளைப் பார்த்து இதைக் குளிரில் விடக் கூடாது.

சூட்டுக்கும் ஒளிக்கும் நான்கு பொருள்கள் தேவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வேலை.

முதலாவது, வெயில் காயும் இடத்துக்கு 50 முதல் 65 வாட் வரை உள்ள ஃப்ளட் பல்பு. ஒளி அகலமாக விரிய வேண்டும். ஒரே புள்ளியில் குவியும் ஸ்பாட் பல்பும் பாதரச ஆவி பல்பும் முதுகோட்டின் உச்சியைச் சுட்டு உலர்த்தும். ஈரமான பெட்டியிலும் கூம்பு எழுவதற்கு இது ஒரு காரணம். அடியில் தட்டையான கற்பலகை ஒன்றை வைத்து, பல்பைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். கற்பரப்பில் 35 முதல் 38 டிகிரி வர வேண்டும். கூடினால் சங்கிலியில் ஒரு கண்ணி மேலே ஏற்றுங்கள். டைமரில் நாளுக்கு 12 மணி நேரம். மூடிய பெட்டிக்கு 100 வாட் பல்பு கண்டிப்பாக அதிகம்.

இரண்டாவது, செராமிக் ஹீட்டர். ஒளி தராது, சூடு மட்டும் தரும். 60 முதல் 100 வாட் வரை போதும். இதைத் தெர்மோஸ்டாட்டில் இணைத்து 27 டிகிரியில் வையுங்கள், இரவுக்கு இதுவே காவல். இதற்கு பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும், பிளாஸ்டிக் உருகும். தெர்மோஸ்டாட்டின் உணரியை மிதமான பக்கத்தில், நிழலில், ஆமையின் உயரத்தில், திருகு போட்ட கிளிப்பால் இறுக்குங்கள். ஒட்டுநாடாவால் ஒட்டினால் ஈரத்தில் ஒரு நாள் கழன்றுவிடும். உணரி பெட்டிக்கு வெளியே விழுந்து குளிர்ந்த அறையை அளந்துகொண்டிருந்தால், ஹீட்டர் நிற்கவே நிற்காது. ஆமை உள்ளே வெந்துவிடும். பெட்டியில் நடக்கக்கூடிய விபத்துகளில் மிகக் கொடியது இதுதான்.

மூன்றாவது, யூவிபி குழல்விளக்கு. 60 செ.மீ. நீளமுள்ள டி5 என்கிற மெல்லிய குழல் வகை, பிரதிபலிப்பானோடு. யூவிபி 10 அல்லது 12 சதவீதம் என்று போட்ட ரகமென்றால் ஆமையின் முதுகிலிருந்து 45 செ.மீ. தள்ளி, 6 சதவீத ரகமென்றால் 30 செ.மீ. தள்ளி மாட்டலாம். வெயில் காயும் இடத்தில் யூவி குறியீடு 3 அளவில் இருக்க வேண்டும், பெட்டியின் மறுபாதி நிழலாக இருக்க வேண்டும். நண்பகலையொட்டி ஐந்தாறு மணி நேரம் போதும். குழல் கண்ணுக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் யூவிபி குறைந்துவிடும். அளக்கக் கருவி இல்லையென்றால் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சுருள்வடிவ யூவிபி பல்புகளால் கண் வீங்கிய குஞ்சுகள் உண்டு, தவிர்ப்பது நல்லது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் யூவிபி அறவே இல்லை. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தாலோ நிமிடங்களில் சூடேறி உயிர் போகும்.

நான்காவது வெளிச்சத்துக்கு ஓர் எல்இடி பட்டை, 6500 கெல்வின். இருட்டுப் பெட்டியில் குஞ்சு சுறுசுறுப்பாக மேயாது.

சூடேறும் கல், அடியில் போடும் ஹீட்டிங் பாய், இரவுக்கான சிவப்பு நீல பல்பு இவை மூன்றையும் கடையில் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்க வேண்டாம். ஆமை மேலிருந்து வரும் சூட்டை உணர்ந்து விலகும், வயிற்றோட்டின் கீழே சுடுவதை அவ்வளவாக உணராமல் வெந்து கிடக்கும். எந்த விளக்கையும் கவ்வுக்கிளிப்பை நம்பி மாட்டாதீர்கள், சங்கிலியோ கம்பியோ தாங்க வேண்டும். விழுந்த விளக்கு உலர்ந்த மரப்பட்டையைப் பற்றவைக்கும். ஈரமான பெட்டி என்பதால் மின் இணைப்பு, கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாகத்தான் வர வேண்டும். வயர் பிளக்குக்குப் போகுமுன் கீழே ஒருமுறை தொங்கி ஏறினால், வழியும் நீர் பிளக்குக்குள் போகாது.

தண்ணீருக்கு, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு போதும். 15 செ.மீ. அகலம், விளிம்பு தரைமட்டத்துக்குப் புதைந்திருக்க வேண்டும். ஆழம் குஞ்சின் தாடைக்கு மேலே போகக் கூடாது. கடையில் விற்கும் சரிவுக் கிண்ணங்களில் குஞ்சு மல்லாந்தால் மூழ்கிவிடும். ஒளிந்துகொள்ள மிதமான பக்கத்தில் பாதி வெட்டிய பூந்தொட்டியோ கவிழ்த்த கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவோ வையுங்கள். குஞ்சின் நாளில் பெரும்பகுதி அதற்குள்தான் போகும், ஆகையால் அங்கே ஈரம் எப்போதும் அதிகமாக இருக்கட்டும். செடி வைப்பதானால் ஸ்பைடர் பிளான்ட், முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளி. மணி பிளான்ட் வேண்டாம், அதன் ஆக்சலேட் ஊசிகள் வாயை எரிக்கும்.

அளக்காமல் இதில் எதுவும் நடக்காது. முள் சுழலும் வட்ட ஈரப்பத மீட்டர்கள் பத்து இருபது சதவீதம் தவறாகக் காட்டும். டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கி, பெட்டியின் இரு கோடியிலும் தரைமட்டத்தில் வையுங்கள். வைக்குமுன் சோதிக்க வழி உண்டு: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சேறாகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப்புகாமல் மூடி எட்டு மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதமாக நிற்கும். மீட்டர் 69 காட்டினால் அது எப்போதும் 6 குறைத்துச் சொல்கிறது என்று குறித்துவையுங்கள். கற்பரப்பின் சூட்டுக்கு அகச்சிவப்பு வெப்பமானி. பெட்டி தயாரானதும் குஞ்சு இல்லாமல் ஒரு வாரம் ஓடட்டும். அதிகாலை நான்கு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் என்ன காட்டுகிறது என்பது தெரியாமல் உயிரை உள்ளே விடாதீர்கள்.

தினமும் காலையில் 20 முதல் 30 நிமிடம் குளியல். உயர்ந்த, ஒளி ஊடுருவாத டப்பாவில் 32 டிகிரி அளவிலான வெதுவெதுப்பான நீர், முதுகின் ஓடும் வயிற்றின் ஓடும் சேரும் கோடுவரை. நீர் ஆறினால் மாற்றுங்கள். குஞ்சு நீர் குடிப்பதும் கழிப்பதும் அங்கேதான் அதிகம். சமையலறைத் தொட்டியில் இதைச் செய்யாதீர்கள். ஆமைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமப்பவை. நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதை அமெரிக்கா 1975இல் தடைசெய்ததே குழந்தைகளுக்கு இக்கிருமி தொற்றியதால்தான். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

தீனி புல்லும் இலையும்தான். அருகம்புல்லைக் கத்தரியால் பொடியாக நறுக்கி, செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, டேன்டிலியன், முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடல் கலந்து, ஓர் ஓட்டுத்துண்டின்மீது வையுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் தூவினால் போதும். பழம், நாய்த்தீவனம், பசலைக்கீரை கூடாது. பசலையின் ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. மீந்ததை மாலையில் எடுத்துவிட்டால் பூஞ்சை வராது. கோகோபீட்டில் சிறு கொசுக்கள் கிளம்பினாலோ மரப்பட்டையில் காளான் முளைத்தாலோ பயப்படத் தேவையில்லை. காளானைக் கிள்ளி எறியுங்கள், கொசுவுக்கு மஞ்சள் ஒட்டுத்தாளைக் கூரையோரம், ஆமைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள்.

ஒரு பெட்டிக்கு ஒரு குஞ்சு. துணைக்கு இன்னொன்று என்று வாங்கினால் சண்டை நம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று மற்றதைப் பின்தொடரும், அதன்மேல் ஏறி உட்காரும், அதன் தீனியில் போய்ப் படுக்கும். ஆறு மாதத்தில் ஒன்று இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும், மற்றது தின்பதை விட்டிருக்கும். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், குளியலுக்கு முன், கிராம் காட்டும் தராசில் எடை போட்டு எழுதிவையுங்கள். ஒரு வாரம் இரண்டு கிராம் இறங்குவது சாதாரணம். மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால் மருத்துவரைப் பார்க்கும் நேரம். ஓட்டையும் பாருங்கள். சில்லுகளுக்கு நடுவே வளரும் புதிய வெண்கோடு பழைய சில்லோடு சமமாகப் படிந்தால் ஈரம் போதும், பள்ளமாகத் தெரிந்தால் குறைகிறது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காட்டில் கிடைக்கும் நட்சத்திர ஆமையை இப்படிப் பெட்டியில் வளர்க்க வழியே இல்லை. இந்தியாவில் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பின்னிணைப்புக்கும் 2019இல் உயர்த்தப்பட்டது. கடத்தல்காரர்களிடமிருந்து வாங்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் பின்னால் வழியில் செத்தவை பல இருக்கும். சல்காட்டா சைட்டிஸின் இரண்டாம் பின்னிணைப்பில் வருகிறது. இந்திய வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின் இத்தகைய அயல்நாட்டு இனங்களை வைத்திருப்பவர் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும் இடத்தில் ஆவணம் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

கலபகோஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்து உலகிலேயே பெரிய ஆமை இது. ஆண் 50 கிலோவைத் தாண்டும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும். இந்தப் பெட்டி முதல் ஓரிரு ஆண்டுக்கு மட்டும்தான். ஓடு 20 செ.மீ. தொடும்போது பகலில் வேலியிட்ட தோட்டம், இரவுக்குச் சூடுள்ள சிறு கொட்டகை என்று மாற வேண்டியிருக்கும். வெளியே 25 டிகிரிக்கு மேல் வெயிலடிக்கும் நாட்களில் இப்போதே ஒரு மணி நேரம் புல்லில் விட்டுப் பழக்கலாம். பாதி நிழல், தண்ணீர்த் தட்டு, காக்கை தூக்கிப் போகாமல் மேலே கம்பிவலை, இம்மூன்றும் இருக்க வேண்டும்.